காற்று பிரிந்ததற்குச் சாட்சி

அந்த மருத்துவமனையில் இதயத்துக்கு ஒரு பிரிவு, எலும்புக்கு ஒரு பிரிவு என்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அப்படி நோயாளியைக் கூறுபோட்டு வைப்பது அறிவியலுக்கே அவமானம் என்று கண்டுபிடித்த தலைமை மருத்துவர், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மூன்றே பிரிவுகளை வைத்தார். வாயுப் பிரிவு, திரவப் பிரிவு, திடப் பிரிவு. உலகத்திலிருக்கிற அத்தனை பொருளும் இந்த மூன்று நிலைகளுக்குள் அடங்கிக் கிடக்கும்போது நோயாளிக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று அவர் ஒரு கூட்டத்தில் கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அன்றிலிருந்து அதுவே விதியாகிவிட்டது.

இது எதுவும் தெரியாமல்தான் பஸ் ஓட்டுநர் அங்கே போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலது அடிவயிற்றில் யாரோ ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருகுவது போல வலித்தது. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தம் வரைக்கும் ஓட்டி, எல்லாரையும் இறக்கிவிட்டு, கை பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சரிந்தார். குடல்வால் வெடிக்க இருந்ததாம். அன்றைக்கே வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். அந்த வேலையை நன்றாகத்தான் செய்தார்கள், குறை சொல்லக் கூடாது.

கண் விழித்ததும் அவர் கேட்டது தண்ணீர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. நர்ஸ் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு பலகையில் பலூன், அதற்கடுத்துக் கண்ணாடித் தம்ளர், அதற்கடுத்துச் செங்கல் என்று வரிசையாகப் படம் போட்டிருந்தது.

"முதல்ல காத்து பிரியணும் சார். அப்புறம் தண்ணி. தண்ணி தங்கினா ரொட்டி. ரொட்டியும் தங்கி, வெளிய வர வேண்டியது ஒழுங்கா வந்துட்டா வீட்டுக்குப் போகலாம்."

இதில் தப்பொன்றும் இல்லை. வயிற்றில் கத்தி வைத்த எந்த மருத்துவரும் இதைத்தான் சொல்வார். மயக்கத்தில் தூங்கிப்போன குடல் எழுந்து வேலைக்கு வந்துவிட்டது என்பதற்குக் காற்றுதான் முதல் அடையாளம். மற்ற இடங்களில் "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பார்கள். "பிரிஞ்சுது" என்றால் நம்பிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த மருத்துவமனை அப்படி வாய்வார்த்தையை நம்பி மோசம் போகிற இடம் இல்லை.

ஓட்டுநருக்குத் தாகத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். பையன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், தங்கமான பையன். அவனிடம் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தன்னைக் கேட்காமல் மகளே முடிவு செய்துவிட்டாள் என்பது ஒன்றுதான் குறை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷமாக மகளோடு பேசாமல் இருந்தார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "உன் பொண்ணை அந்தக் குடையை எடுத்து வைக்கச் சொல்லு" என்று மனைவி வழியாகப் பேசுகிற பேச்சு. போன மாதம்தான் மனசு இளகி, "வரேன்னு சொல்லு, சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்னு சொல்லு" என்றார், அதையும் மனைவி வழியாகத்தான். "வந்தா நம்பறேன்னு சொல்லுங்க" என்று பதிலும் அதே வழியாக வந்தது. இப்போது போகாவிட்டால் இந்த ஜென்மத்துக்கு அவள் நம்பப் போவதில்லை. அதை நினைக்கும்போது தையல் போட்ட இடத்தைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் நல்ல செய்தி வந்தது. வார்டில் நர்ஸ் யாரும் இல்லை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது, சந்தேகத்துக்கே இடமில்லாமல், பிரிந்தது.

"வந்துடுச்சு!" என்று மனைவி துண்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். "சிஸ்டர்! இவருக்கு வந்துடுச்சு!"

அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அவர் மகள் பிறந்த அன்றைக்குத்தான் பார்த்திருந்தார்.

வாயு அலுவலர் வந்தார். கழுத்தில் டை, கையில் புனல் வைத்த ஒரு கருவி. படுக்கையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், புனலை நாலு பக்கமும் நீட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"யாரு கேட்டது?"

"நான்தாங்க. நல்லாவே கேட்டுச்சு."

"நீங்க யாரு?"

"இவரோட சம்சாரம்."

"உறவுக்காரங்க சாட்சி செல்லாதும்மா. பாசத்துல எதை வேணும்னாலும் கேட்டதா சொல்லுவாங்க. போன மாசம் ஒரு அம்மா, பையன் பசியில துடிக்கிறானேன்னு நாற்காலியைத் தரையில இழுத்துச் சத்தம் பண்ணிட்டு, வந்துடுச்சுன்னு சொன்னாங்க."

"சார், எனக்கே தெரியுமே சார், எனக்குப் பிரிஞ்சது" என்றார் ஓட்டுநர்.

"நீங்க பயனாளி. நீங்க சொல்றதை எப்படிங்க எடுத்துக்கிறது?" வாயு அலுவலர் பரிவோடு கட்டில் கம்பியைத் தட்டிக்கொடுத்தார். "என் கஷ்டத்தையும் கொஞ்சம் யோசிங்க. திடப் பிரிவுக்காரருக்கு என்ன, ராஜா. அவர் பொருள் வச்ச இடத்துல வச்சபடி இருக்கும். திரவத்துக்காரர் ஒரு பாத்திரத்துல புடிச்சு வச்சுக்கலாம். என் பொருளுக்கு வடிவமும் இல்லை, இவ்வளவுதான்னு ஒரு அளவும் இல்லை. விட்ட நிமிஷம் அறை முழுக்கப் பரவிடும். இப்போ இந்த அறையில இருக்கிற காத்துல எது உங்களுது, எது ஆஸ்பத்திரியோடதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"எது என்னுதுன்னும் பாருங்க" என்றது ஒரு குரல்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த ஏலக்காரர். பித்தப்பையில் கல் எடுத்தவர். வாழ்நாள் முழுவதும் ஏலம் விட்டுப் பழகிய தொண்டை, பட்டினியிலும் கணீரென்று இருந்தது.

"சத்தம் வந்தது இந்தப் பக்கத்துல இருந்துதான். ஒரு தரம் சொல்றேன், ரெண்டு தரம் சொல்றேன், மூணு தரம் சொல்றேன், அது என்னுது."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் ஓட்டுநர் மனைவி. "ஒரு காத்தைக் கூடவா திருடுவாங்க?"

"எனக்கும் பசிக்குதும்மா" என்றார் ஏலக்காரர், கொஞ்சம் குரல் இறங்கி.

உரிமை கோரி இரண்டு பேர் வந்துவிட்டதால் அது விசாரணைக்குப் போனது. மூன்று பிரிவின் அலுவலர்களும் வார்டிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். தலையணையின் உயரம், போர்வையின் கனம், மின்விசிறி சுற்றுகிற திசை எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். ஓட்டுநரைச் சம்பவ நேரத்தில் படுத்திருந்தபடியே படுத்துக் காட்டச் சொன்னார்கள். கடைசியில் வாயு அலுவலர் எழுந்து தீர்ப்பை வாசித்தார். வாயு என்பது தான் இருக்கும் இடம் முழுவதும் சமமாகப் பரவும் தன்மையுடையது. ஆகவே சம்பந்தப்பட்ட வாயு இரண்டு படுக்கைகளையும் சமமாகச் சென்றடைந்திருக்கிறது. ஆகவே ஆளுக்குப் பாதி.

ஏலக்காரருக்கு முந்தின நாள் இன்னொரு படுக்கைக்காரரோடு நடந்த வழக்கில் ஏற்கெனவே ஒரு பாதி கிடைத்திருந்தது. இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாகிவிட்டதால், பழரசம் அவருக்கு வந்தது. அவர் அதை ஓட்டுநர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். முதுகைக் காட்டினாலும் தொண்டைக்குள் இறங்குகிற சத்தம் கேட்கத்தானே செய்யும்.

"மனசு கேக்கலைதான்" என்றார் குடித்து முடித்துவிட்டு. "ஆனா வயிறு கேக்குதே."

ஓட்டுநருக்கு இன்னும் பாதி தேவைப்பட்டது. புதன் முழுவதும் வலப்பக்கம் புரண்டார், இடப்பக்கம் புரண்டார், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நடந்தார். வாயு அலுவலர் நியமித்த சாட்சி ஒருவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, காதைச் சாய்த்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த வயிற்றுக்குத்தான் வரும்? அதுவுமில்லாமல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. கையில் ஏறிய குளுக்கோஸ் உயிரைத்தான் பிடித்து வைத்திருந்தது.

வியாழக்கிழமை தலைமை மருத்துவர் வார்டைப் பார்வையிட வந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் ஆறேழு பேர். ஓட்டுநர் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"சார், உள்ள ஒண்ணும் போகலையே சார். வெளிய எது வரும்?"

தலைமை மருத்துவர் முகம் மலர்ந்தது. நல்ல கேள்வி கேட்கிற நோயாளியை அவருக்குப் பிடிக்கும்.

"கவனிச்சீங்களா எல்லாரும்? பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. உள்ள போனாத்தான் வெளிய வரும். இவர் சொல்றது அறிவியல்படி நூத்துக்கு நூறு சரி. ஆனா பெரியவரே, அது பொருளுக்கான விதி. நிர்வாகத்துக்கான விதி வேற. இங்க வெளிய வந்தாத்தான் உள்ள போகும்."

"நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம் சார். நான் வீட்டுக்குப் போகணும்."

"தாராளமா. திட நிலை வந்ததும் போகலாம். பெருமையாச் சொல்றேன், போன வருஷம் திட நிலைக்கு வராம ஒருத்தர் கூட இங்கிருந்து வீட்டுக்குப் போகல."

"வராதவங்க?"

"இங்கதான் இருக்காங்க. நல்லா கவனிச்சுக்கிறோம். ஒருத்தர் தோட்ட வேலை கூடப் பாக்குறாரு." அவர் பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். எழுதிக்கொள்வதற்காக எல்லாரும் பேனாவை எடுத்தார்கள். "நான் பொறுப்புக்கு வந்தப்போ இந்த ஆஸ்பத்திரி எப்படி இருந்துச்சு தெரியுமா? நோயாளிங்க குடிச்சுக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டு, அவங்க பாட்டுக்குக் குணமாகி வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தாங்க. கேக்க ஆள் இல்லை. ஒருத்தன் எந்த நிலையில குணமானான்னு கேட்டா யாருக்கும் தெரியாது. இன்னைக்கு அப்படியில்ல. குணமாகலைன்னாலும், எந்த நிலையில குணமாகலைன்னு என்னால துல்லியமாச் சொல்ல முடியும்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஏலக்காரரும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு, ஓட்டுநர் மனைவி பார்த்த பார்வையில் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

கைதட்டல் தலைமை மருத்துவரின் மனசை இளக்கியிருக்க வேண்டும். போகிற போக்கில், கருணை அடிப்படையில் இவருக்கு ஒரு கிண்ணம் ஜெல்லி கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஜெல்லி வந்தது. சிவப்பாக, பளபளவென்று, கண்ணாடிக் கிண்ணத்தில் தளும்பாமல் ஆடிக்கொண்டு வந்தது. திரவ அலுவலரே கொண்டுவந்தார். ஓட்டுநர் வாயைத் திறந்தார். கரண்டி பாதி வழி வந்திருக்கும், "நிறுத்துங்க" என்று திட அலுவலர் குறுக்கே விழுந்தார்.

"இது என் பிரிவு. நோயாளி திட நிலைக்கு வர இன்னும் ரெண்டு கட்டம் இருக்கு."

"ஜெல்லி எங்க பட்டியல்ல இருக்கு சார். எல்லா ஆஸ்பத்திரியிலும் திரவ உணவுதான்."

"அப்படியா?" திட அலுவலர் கிண்ணத்தை ஒரு தட்டில் கவிழ்த்தார். ஜெல்லி கிண்ணத்தின் வடிவத்திலேயே கம்பீரமாக நின்றது. "தனக்குன்னு ஒரு வடிவம் வச்சுக்கிட்டு நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அந்த வடிவம் அதுக்கு எங்கிருந்து வந்துச்சு? கிண்ணத்துல இருந்து. வைக்கிற பாத்திரத்தோட வடிவத்தை எடுத்துக்கிறது திரவம்."

"எடுத்துக்கிட்டதைத் திருப்பிக் குடுக்கலையே!"

"ஆடுது பாருங்க."

"உங்க நாற்காலி கூடத்தான் ஆடுது. அதை என்ன டம்ளர்ல ஊத்திக் குடிப்பீங்களா?"

சத்தம் கேட்டு வாயு அலுவலரும் வந்து சேர்ந்தார். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே இரண்டு குமிழி இருப்பதைக் கண்டுபிடித்து, அந்த அளவுக்குத் தனக்கும் இதில் அதிகாரம் உண்டு என்றார். விரலால் அழுத்திப் பார்த்தார்கள். வெட்டிப் பார்த்தார்கள். நாக்கில் வைத்தால் கரைகிறதா, கடிபடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் முடிவுக்கு வர முடியும் என்று ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். முதல் கரண்டியில் கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை. ஆகவே மறுபடி எடுத்துக்கொண்டார்கள். கடைசித் துண்டு தொண்டையில் இறங்கியபோது, ஜெல்லி திரவம்தான், நோயாளிக்குக் கொடுக்கலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஓட்டுநர் தட்டைப் பார்த்தார். திறந்த வாயை அவர் இன்னும் மூடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மனைவியின் கைப்பேசி அடித்தது. எடுத்ததும் மகளின் குரல் வார்டுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"அம்மா, அப்பா வர்றாரா இல்லையா?"

"எங்கடி, இவங்க விட்டாத்தானே? நேத்து ஜெல்லி விஷயம்தான் சொன்னேனே."

"பாக்க வந்தா, கூட ஒருத்தர்தான் இருக்கலாம்னு வாசல்லயே திருப்பி அனுப்புறாங்க. நீங்களும் தினமும் ஒண்ணு சொல்றீங்க. பாதிக் காத்துங்கிறீங்க, ஜெல்லியை டாக்டருங்க சாப்பிட்டுட்டாங்கங்கிறீங்க. இதையெல்லாம் யாராவது நம்புவாங்களா? வர இஷ்டமில்லைன்னா இஷ்டமில்லைன்னு சொல்லச் சொல்லுங்கம்மா. நான் அழ மாட்டேன்." சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

இதை அவர் மறுக்க முடியுமா? உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள், ஆனால் அந்த உண்மை பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. ஒரு வருஷம் வீம்பாக இருந்தவர் இப்போது ஆஸ்பத்திரியைச் சாக்கு வைக்கிறார் என்று அவள் நினைத்தால் அது அவள் குற்றமா? ஓட்டுநர் கையிலிருந்த குளுக்கோஸ் ஊசியை மெதுவாக உருவினார். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டார். காலைக் கீழே வைத்தார்.

"என்னங்க, நடக்க முடியுமா?"

"பஸ்ஸை நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்தவன்டி நான்."

மனைவி தன் சால்வையை எடுத்து, முதுகுப் பக்கம் நாடா கட்டிய அந்த ஆஸ்பத்திரி அங்கியின் மேல் போர்த்திவிட்டாள். சாட்சி நாற்காலியில் இருந்தவர் இரண்டு நாள் உன்னிப்பாகக் கேட்ட களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஏலக்காரர் விழித்திருந்தார். தன் செருப்பைக் காலால் ஓட்டுநர் பக்கம் தள்ளிவிட்டார்.

நடைபாதையில் வாயு அலுவலர் எதிரே வந்தார். நடமாடுகிறது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிறது, ஆகவே இது திரவப் பிரிவின் விஷயம் என்று ஒதுங்கி வழிவிட்டார். திரவ அலுவலர் பார்த்தார். நிமிர்ந்து நிற்கிறது, சிந்தவில்லை, ஆகவே திடப் பிரிவு. திட அலுவலர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு காலை உணவைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் காவலாளி கையை நீட்டினார்.

"எந்த நிலைங்க?"

"பாதி வாயு."

காவலாளி தலையைச் சொறிந்தார். திடம் என்றால் வீட்டுக்குப் போகும் அனுமதிச் சீட்டைக் கேட்க வேண்டும். திரவம் என்றால் மூடிய பாத்திரத்தில்தான் வெளியே விட வேண்டும். வாயுவுக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

"வாயுவைத் தடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லைங்களே" என்று கதவைத் திறந்துவிட்டார். "பாத்து, படி இருக்கு."

அவர் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். காலியான படுக்கையைச் சுற்றி மூன்று அலுவலர்களும் கூடினார்கள். மூடிய வார்டிலிருந்து யார் கையிலும் பிடிபடாமல் வெளியேறியிருக்கிறது. படுக்கையில் எந்த வடிவத்தையும் விட்டுப்போகவில்லை. இப்போது ஊரில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தத் தன்மைகள் எல்லாம் எதற்கு உரியவை என்பதில் சந்தேகமே இல்லை. இந்தப் படுக்கையிலிருந்து வாயு முழுமையாக வெளியேறிவிட்டது என்று மூவரும் கையெழுத்திட்டு, அடுத்த கட்டமாகப் பழரசத்துக்கு அனுமதி வழங்கினார்கள். அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். ஏலக்காரர் குடித்தார்.

பதிவு அலுவலகத்தில் முறை வந்துவிட்டது. பதிவாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "பெண் தரப்புச் சாட்சி யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, தோழி ஒருத்தியைக் கூப்பிடத் திரும்பினாள். அப்போதுதான் டாக்ஸியிலிருந்து இறங்கி, மனைவி கூட வர, அவள் சால்வையும் அடுத்தவர் செருப்புமாக, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். மகள் சட்டென்று திரும்பினாள். அந்த அங்கியைப் பார்த்தாள், கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள், உலர்ந்து வெடித்த உதட்டைப் பார்த்தாள்.

"நான்தாங்க சாட்சி" என்றார் அவர். "பொண்ணோட அப்பா."

மேஜை தாழ்வாக இருந்தது. பேனாவை வாங்கி, தையல் இழுக்க இழுக்கக் குனிந்தார். முதல் எழுத்தைப் போட்டார். கடைசி எழுத்தைப் போடும்போது அந்த அமைதியான அறையில், நீளமாக, நிதானமாக, பிரிந்தது.

பதிவாளரின் முத்திரை பாதியில் நின்றது. மாப்பிள்ளை, எத்தனையோ லிஃப்டுகளில் எத்தனையோ சத்தம் கேட்டவன், கூரையை ஆராய ஆரம்பித்தான். ஓட்டுநருக்குத் தலை நிமிரவில்லை. இத்தனை தூரம் வந்து, இத்தனை பேர் முன்னால், மகளின் கல்யாணத்தில் இப்படியா என்று அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. ஒரு வருஷத்தில் அவர் மகளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

மகளின் தொண்டையிலிருந்து ஏதோ புறப்பட்டது. அழுகை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பதிவாளர் மேஜையில் மூடி போட்டு வைத்திருந்த தம்ளரை எடுத்தாள்.

"ஏம்மா, அது என் தண்ணி" என்றார் பதிவாளர்.

"எங்கப்பாவுக்குக் காத்து பிரிஞ்சிடுச்சு சார்" என்றாள் அவள். "இனிமே அவர் தண்ணி குடிக்கலாம்."

ஓட்டுநர் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் குடிக்காமல், இந்த ஐந்து நாள் பழக்கத்தில், அனுமதிக்காகப் பதிவாளர் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்னப்பா பாக்குறீங்க? நான் கேட்டேன். குடிங்க."

அவர் குடித்தார். குடித்த அவசரத்தில் பாதி தாடையில் வழிந்தது. மகள் தம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவாப்பா" என்றாள்.